‘திறப்பு எங்க?’ – இங்கிலாந்தில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுவனின் மொழி மதிப்பீடு: நிகழ்வு ஆய்வு

இது 4 வயது 7 மாதச் சிறுவன் ஒருவனைப் பற்றிய ஆய்வு. யாழ்ப்பாணத் தமிழ் பேசும் குடும்பம், வசிப்பது இங்கிலாந்தில். என்னிடம் வருவதற்கு முன் ஒரு முறையும், வந்த பிறகு ஒரு முறையும் அவன் தவறாக மதிப்பிடப்பட்டான். முதல் தவறு ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டாவது தமிழில் நடந்தது, அதைச் செய்தவள் பேச்சு-மொழி சிகிச்சையாளரான நான். அந்த இரண்டாவது தவறுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். பெற்றோரின் சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த வழி

சிறுவன் 3 வயதில் நர்சரியில் சேர்ந்தான். அதுவரை வீட்டில் தமிழ் மட்டும்தான். அம்மா, அப்பா, 7 வயது அக்கா, அம்மம்மா ஆகியோரோடு இருக்கிறான். அப்பாவுக்கு இரவு வேலை, அதனால் பகலில் அவனோடு அதிக நேரம் இருப்பவர் அம்மம்மா. அவருக்கு ஆங்கிலம் வராது.

4 வயது 1 மாதத்தில் நர்சரியின் பரிந்துரைப்படி முதல் மதிப்பீடு நடந்தது. ஆங்கிலச் சோதனையில் வயதுக்கு மிகக் கீழான மதிப்பெண். அந்த அறிக்கை மூன்று விஷயங்களைச் சொன்னது. ஒன்று, ‘ப’வையும் அதன் அதிரும் ஒலியையும் (p, b) மாற்றிச் சொல்கிறான், ஆங்கிலத்தின் மென்மையான பல்லொலியை (th) நம் ‘த’ போலச் சொல்கிறான், ஆகவே ஒலிப் பயிற்சி தேவை. இரண்டு, மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பார்த்ததில் வீட்டு மொழியில் குறை எதுவும் இல்லை. மூன்று, ஆங்கிலம் பழக அவகாசம் கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

இதற்கிடையில் வேறொருவர் வாய்மொழியாக ஓர் அறிவுரை சொல்லியிருக்கிறார்: வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள். பெற்றோர் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவல் காரியங்களுக்குப் போதும், ஒரு பிள்ளையோடு நாள் முழுக்கக் கதை பேசப் போதாது. ‘கம்’, ‘சிட்’, ‘ஈட்’, ‘நோ’ என்று வீட்டுப் பேச்சு சுருங்கிவிட்டது. அம்மம்மா தன்னால் பிள்ளை கெட்டுவிடக் கூடாது என்று பயந்து அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஆறு மாதம் இப்படிப் போயிருக்கிறது. “இவன் இப்ப கதைக்கிறதே குறைஞ்சுபோச்சு, மிஸ்” என்றுதான் அம்மா என்னிடம் ஆரம்பித்தார்.

அவன் என்னிடம் அனுப்பப்பட்ட காரணம் எளிது. எங்கள் குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் தமிழ்நாட்டில் படித்தவள். ‘தமிழ்க் குடும்பம், தமிழ் சிகிச்சையாளர், சரியாகப் பொருந்தும்’ என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வரலாறு

குறைமாதப் பிரசவம் இல்லை. பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையும், நான் பார்ப்பதற்கு முன் மறுபடி செய்ததும் சரியாக இருந்தன. நடந்தது, ஓடியது எல்லாம் வயதுக்கு ஏற்றபடி. விளையாட்டில் கற்பனை இருக்கிறது, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான், கூப்பிட்டால் வருகிறான்.

முதல் சொல் வந்தது இரண்டு வயது தாண்டி. இரண்டு சொற்களைச் சேர்த்தது மூன்றாவது பிறந்தநாளை ஒட்டி. பொதுவாக ஒரு வயதையொட்டி முதல் சொல்லும், இரண்டு வயதில் ஐம்பது சொற்களாவதும், இரண்டிரண்டாகச் சேர்ப்பதும் எதிர்பார்க்கிறோம். அவன் தாமதித்த அந்தக் காலத்தில் அவன் காதில் விழுந்தது ஒரே ஒரு மொழி. ‘இரண்டு மொழி குழப்பிவிட்டது’ என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. ஆங்கிலம் வருவதற்கு முன்பே தாமதம் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது, முந்தைய அறிக்கையில் இல்லை. அப்பாவின் தம்பியும் நேரம் சென்றுதான் பேசினார், பள்ளியில் மிகவும் சிரமப்பட்டார் என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

முதல் அமர்வு

படிக்கிற காலத்தில் நானே வரைந்து தயாரித்த படக் கட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. 24 படங்கள், எல்லாம் வீட்டில் பார்க்கும் பொருள்கள். நான்கு நான்காக வைத்து, சொல்வதைக் காட்டச் சொல்ல வேண்டும். ‘நாற்காலி எங்கே?’, ‘சாவி எங்கே?’, ‘ஆரஞ்சு எங்கே?’ என்று கேட்டுக்கொண்டே போனேன். 11 படங்களைத்தான் சரியாகக் காட்டினான். கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே பெரிய குறை என்று குறிப்பேட்டில் எழுதவும் தொடங்கிவிட்டேன்.

சூழலை இலகுவாக்கலாம் என்று, “வீட்டுல பாட்டி உன்கிட்ட என்ன பேசுவாங்க?” என்று கேட்டேன். பிள்ளை அம்மம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. ‘உரையாடலைத் தொடங்கத் தயக்கம்’ என்று அதையும் எழுதினேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மம்மாதான் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். சாவிப் படம் இருந்த வரிசையைக் காட்டி, “தம்பி, திறப்பு எங்க?” என்றார். அவன் யோசிக்கவே இல்லை, விரல் நேரே படத்தின் மேல் போய் நின்றது. அம்மம்மா என்னைப் பார்த்து, “உதை நாங்க திறப்பு எண்டுதான் சொல்லுறனாங்கள், பிள்ளை” என்றார்.

கட்டு முழுவதையும் அவர் சொற்களில் மறுபடி நடத்தினேன். நாற்காலிக்குக் கதிரை, ஆரஞ்சுக்குத் தோடம்பழம், ஷூவுக்குச் சப்பாத்து. 11 என்பது 20 ஆனது. அப்புறம் அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: “எங்கட ஆக்களுக்குப் பேசுறது எண்டா ஏசுறது, மிஸ்.” அம்மம்மா உன்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டுவார் என்று அந்தப் பிள்ளையிடம், அவர் முன்னாலேயே நான் கேட்டிருக்கிறேன். ‘கதைக்கிறது’ என்று கேட்டிருக்க வேண்டும். தலைகுனிந்தது மொழிக் குறை அல்ல, என் கேள்விக்கு அவன் கொடுத்த சரியான பதில்.

கட்டின் சொற்களை மாற்றியதோடு என் பிழை முடிந்துவிட்டது என்று அன்று வீடு திரும்பினேன். அதுவும் தவறு.

பேச்சுப் பதிவு

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகளில் சோதனை எதுவும் வைக்கவில்லை. அக்காவோடும் அம்மம்மாவோடும் அவன் விளையாடுவதைப் பதிவு செய்து, அவன் சொன்ன 50 தொடர்களை எழுத்தாக்கினேன். பிழைகளைச் சிவப்பில் குறித்தேன். பக்கம் சிவந்துபோனது.

‘அப்பா வந்தவர்’, ‘நான் போனனான்’, ‘அக்கா தந்தவ’. எனக்குத் தெரிந்த தமிழில் இவை முடியாத வாக்கியங்கள். வந்தவர் என்றால் யார், என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றும். வினைமுற்றை உருவாக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். ‘காற்று’ என்பதில் ‘ற்ற’வை ஆங்கில ‘ட்’ போல, நுனிநாக்கை மேலீறில் வைத்துச் சொன்னான். ஆங்கிலத் தாக்கம் என்று குறித்தேன்.

அதே பதிவில் அம்மம்மாவின் பேச்சையும் எழுத்தாக்கியபோதுதான் பேனா நின்றது. அவரும் ‘வந்தவர்’ என்கிறார். அவரும் ‘நேற்றுப் போனனான்’ என்கிறார். அவருடைய ‘காற்று’ம் அதே இடத்தில்தான் ஒலிக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் இவை முழுமையான, ஒழுங்கான வினைமுற்றுகள். ‘ற்ற’வின் அந்த ஒலியோ, தமிழ்நாட்டுப் பேச்சில் நாங்கள் ‘காத்து’ என்று தொலைத்துவிட்டதை அவர்கள் காப்பாற்றி வைத்திருப்பது. எழுபது வயது தாண்டிய, தன் மொழியைத் தெளிவாகப் பேசும் ஒரு பெண்மணியின் இலக்கணத்தை அவர் பேரனின் நோயாக எழுதியிருக்கிறேன்.

அந்தச் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அடித்தேன். அடித்த பிறகு மிஞ்சியவைதான் இந்த ஆய்வின் மையம்:

‘நான் பந்து வேணும்.’ வீட்டில் எல்லோரும் சொல்வது ‘எனக்குப் பந்து வேணும்.’

‘அக்கா கார் இருக்கு.’ சொல்ல வந்தது ‘அக்கா காருக்குள்ள இருக்கிறா.’

‘அம்மா வந்தது.’ வீட்டில் யாருமே அம்மாவை அப்படிச் சொல்வதில்லை.

அம்மம்மா இப்படிச் சொல்லவில்லை, அக்கா சொல்லவில்லை. அக்காவுக்கு 7 வயது, ஒப்பிடுவது நியாயமில்லை என்பதால் அம்மாவிடம் ஓர் உதவி கேட்டேன். அவருடைய அண்ணன் மகளுக்கு 4 வயது 5 மாதம், அதே தமிழ் பேசும் வீடு, அதே மாதிரி நர்சரி. அந்த வீட்டார் சம்மதித்து, அவள் விளையாடும்போது பத்து நிமிடம் போனில் பதிவு செய்து அனுப்பினார்கள். அந்தப் பதிவில் ‘எனக்கு’ ஒருமுறைகூடத் தவறவில்லை. ‘அம்மா வந்தவ’ என்றாள். ‘பெட்டிக்குள்ள’, ‘கதிரையில’ என்று உருபுகள் தாமாக வந்து விழுந்தன. ஒரு குழந்தையின் பதிவை அளவுகோல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் மைல் தள்ளி உருவான மதிப்பெண் அட்டவணையை விட அது இவனுக்கு நெருக்கமானது.

முதல் அறிக்கை ஏன் தவறவிட்டது

வீட்டு மொழியில் குறை இல்லை என்று எழுதியது எப்படி? அந்த அமர்வைப் பற்றி அம்மாவிடம் விவரமாகக் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அன்பானவர், கெட்டிக்காரர். பிள்ளை ‘அக்கா கார் இருக்கு’ என்று சொன்னதை ‘அக்கா காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள்’ என்று அழகான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். எந்த மொழிபெயர்ப்பாளரும் செய்வது அதுதான், கருத்தைக் கொண்டுசேர்ப்பது. நமக்கு வேண்டியதோ உடைந்த வாக்கியம் உடைந்தபடியே. அமர்வுக்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, “சரிசெய்யாதீர்கள், விட்டுப்போனதை விட்டுப்போனதாகவே சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்வது நம் பொறுப்பு. எந்த நாட்டுத் தமிழ் என்று கேட்டு ஆளை ஏற்பாடு செய்வதும் நம் பொறுப்பு. படிவத்தில் ‘தமிழ்’ என்று ஒரே ஒரு சொல் இருந்திருக்கிறது.

ஆங்கில மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, அந்தச் சோதனை ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்த குழந்தைகளை வைத்து அளவிடப்பட்டது. பதின்மூன்று மாதம் ஆங்கிலம் கேட்டவனுக்கு அந்த எண் எதையும் சொல்லாது. இது புதிய பாடம் அல்ல. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்புகளில் போட்டதை எதிர்த்து டயானா வழக்கு நடந்தது. 1970-ல் சமரசத்தில் முடிந்த அந்த வழக்கு, குழந்தையை அதன் வீட்டு மொழியில் சோதிக்க வேண்டும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் இந்தத் தவறு வேறு வேறு ஊர்களில், வேறு வேறு மொழிகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒலிகள் விஷயம் சுருக்கமாக. தமிழ்ச் சொற்களில் ‘ப’ அதிர்வதும் அதிராததும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது, பொருளை மாற்றுவதில்லை. அதனால் ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு பிடிபட நாள் ஆகும். ஆங்கிலத்தின் அந்தப் பல்லொலி ஆங்கிலக் குழந்தைகளுக்கே கடைசியாகத்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஷரின் மெக்லியோடும் சக ஆய்வாளர்களும் 2012-ல் வெளியிட்ட ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. வீட்டார், உறவினர், நண்பர்கள், ஆசிரியர், அந்நியர் எனத் தனித்தனியாக, பிள்ளை பேசுவது எவ்வளவு புரிகிறது என்று பெற்றோர் 1 முதல் 5 வரை (5 என்றால் எப்போதும் புரிகிறது) சொல்ல வேண்டும். அம்மா குடும்பத்தாருக்கெல்லாம் 5 கொடுத்தார், ஆசிரியருக்கு 3. ஒலிப் பயிற்சி என்ற இலக்கை நீக்கினேன்.

கற்கும் திறனைப் பார்த்தது

இதுவரை தெரிந்ததைச் சோதித்தாயிற்று. இனி எப்படிக் கற்கிறான் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எலிசபெத் பென்யா போன்றோர் இருமொழிக் குழந்தைகளுக்காக வளர்த்தெடுத்த முறை இது: சோதி, கற்றுக்கொடு, மறுபடி சோதி. வெறும் பழக்கக் குறைவு என்றால் கொஞ்சம் காட்டிக்கொடுத்தாலே பிள்ளை பிடித்துக்கொள்ளும். மொழியைக் கற்பதிலேயே சிக்கல் என்றால் அந்த உழைப்பு கண்முன் தெரியும்.

பொம்மை நாயைப் பெட்டியில், மேசையில், சப்பாத்தில் ஒளித்து வைத்து, ‘-இல’ என்ற உருபை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூன்று அமர்வு, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். விளையாட்டை முதல் நிமிடத்திலேயே புரிந்துகொண்டான், நாயைக் கண்டுபிடித்துக் குதித்தான். ஆனால் “நாய் பெட்டி” என்றுதான் கத்தினான். நான் சொன்னவுடன் ‘பெட்டியில’ என்று திருப்பிச் சொல்வான். அடுத்த ஒளிப்பில் மறுபடி ‘நாய் மேசை’. மூன்றாம் நாள் முடிவில் பத்துக்கு மூன்று முறை தானாகச் சொன்னான்.

பொருளில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். ‘நேமு’ வந்தது. ‘தபூலி’ பாதி வந்தது. ‘முகேதாரி’ என்றதும் ‘முதாரி’ என்று நின்றுவிட்டான். எந்த மொழியிலும் இல்லாத சொல் என்பதால் மொழிப் பழக்கத்தின் தாக்கம் இதில் குறைவு. ஒலித்தொடரைச் சற்று நேரம் மனதில் பிடித்து வைக்கும் திறன் இதில் தெரியும்.

முடிவு

வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, அதாவது வேறு காரணம் இல்லாமல் மொழியைக் கற்பதிலேயே இருக்கும் சிக்கல். பிரிட்டிஷ் உளவியலாளர் டோரதி பிஷப் முன்னின்று நடத்திய வல்லுநர் குழு 2017-ல் இந்தப் பெயரை முன்வைத்தது. அதே குழு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரு மொழியிலாவது வயதுக்கேற்ற திறன் இருந்தால் அது குறைபாடு அல்ல. இவனுக்குத் தமிழிலும் சிக்கல், ஆங்கிலத்திலும் சிக்கல். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பள்ளியில் சேரும் குழந்தைகளிடம் கோர்ட்னி நார்பரி குழு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வேறு காரணம் இல்லாத மொழிக் குறைபாடு சுமார் 7.5 சதவீதம் பேருக்கு இருந்தது. முப்பது பேர் வகுப்பில் இருவர். அவ்வளவு சாதாரணமான ஒன்று இது. இரண்டு மொழி பேசுவது அதைக் கொண்டுவருவதும் இல்லை, ஒரு மொழியை நிறுத்துவது அதைப் போக்குவதும் இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப நாங்கள் தமிழ் கதைச்சதால இல்லையோ?” என்றார். இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். அம்மம்மா பக்கம் திரும்பி, “கதையுங்கோ மாமி” என்று மட்டும் சொன்னார். அந்த அறையில் நான் சொன்ன எல்லாவற்றையும் விட அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அந்த ‘இல்லை’தான் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை

முதல் திட்டம், எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வழக்கமான முறை. பெரியவர் தரையில் உட்கார்ந்து, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பின்தொடர்ந்து, அதைப் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அம்மம்மா ஒத்துழைத்தார். ஆனால் பிள்ளை செய்வதை அவனிடமே விவரித்துக்கொண்டிருப்பது அவருக்கு ஒட்டவே இல்லை. இரண்டு வாரத்தில் அவர் குரல் சின்னதாகிவிட்டது, பிள்ளையும் நகர்ந்து அக்காவிடம் போய்விட்டான்.

மேற்கத்திய நடுத்தரக் குடும்பங்களின் வளர்ப்பு முறையை எல்லோருக்கும் பொதுவான மருந்தாகக் கொடுக்கிறோம் என்று மொழி ஆய்வாளர் ஆன் வான் க்ளீக் 1994-லேயே எச்சரித்திருக்கிறார். பாப்புவா நியூ கினியின் கலுலி மக்களிடம் மானுடவியலாளர் பாம்பி ஷீஃபெலின் பார்த்தது இன்னும் தெளிவு. அங்கே தாய்மார்கள் குழந்தையோடு மழலை பேசுவதில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை முழுதாகச் சொல்லி, ‘எலெமா’, அதாவது ‘இப்படிச் சொல்’ என்று முடிப்பார்கள். அந்தப் பிள்ளைகளும் நன்றாகவே பேசக் கற்கிறார்கள்.

இதை நினைத்துக்கொண்டு பழைய பதிவுகளை மறுபடி கேட்டேன். அம்மம்மாவிடம் அந்த வழக்கம் ஏற்கெனவே இருந்தது! அக்காவிடம் பொம்மை கேட்கப் போகும் பேரனிடம், “‘எனக்குத் தாங்கோ’ எண்டு சொல்லு, குஞ்சு” என்கிறார். நான் தேடிய பயிற்சி அங்கேயே கிடந்திருக்கிறது. திட்டத்தை மாற்றினோம். தரையில் உட்காருவது அக்கா. அம்மம்மா தன் இடத்திலிருந்து ‘எண்டு சொல்லு’ என்று எடுத்துக்கொடுப்பார். நான் சேர்த்தது இரண்டே இரண்டு. ஒரு வாரத்துக்கு ஓர் உருபு மட்டும், முதலில் ‘எனக்கு, உனக்கு, அக்காவுக்கு’. பிறகு, அவன் திருப்பிச் சொன்னதோடு விடாமல், அதே வடிவம் வேறு சொல்லோடு வரும்படி உடனே இன்னொரு வாய்ப்பு. வாரம் ஒரு முறை அரை மணி நேரம், 12 அமர்வுகள் நான். மற்ற நாள்கள் அவர்கள். பள்ளியில் உதவி ஆசிரியை ஆங்கிலத்தில் ‘இன்’, ‘ஆன்’ போன்ற இடம் குறிக்கும் முன்னிடைச் சொற்களையும் வினை வடிவங்களையும் எடுத்துக்கொண்டார்.

பள்ளியோடு பேசும்போது ஒரு தடை வந்தது. “அமைதியான, நல்ல பிள்ளை” என்பது ஆசிரியையின் கருத்து, தொந்தரவு இல்லாதவனுக்கு ஏன் உதவி என்பது தொனி. அமைதி என்ன சொல்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் வடக்குக் கியூபெக்கில் வாழும் இனுயிட் பழங்குடி மக்களிடையே மொழி ஆய்வாளர் மார்த்தா கிராகோ, நிறையப் பேசும் ஒரு சிறுவனை மிகவும் புத்திசாலி என்று நினைத்தார். அவனுக்குக் கற்பதில் சிக்கல் இருக்கலாம், நிறுத்தத் தெரியவில்லை என்றார் அங்கிருந்த இனுயிட் ஆசிரியை. எங்கள் பையனின் அமைதி பண்பு அல்ல. வகுப்பில் சொல்வது புரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறான் என்பதை ஒரு காலை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து குறித்துக் காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

இப்போதைய நிலை

5 வயது 3 மாதத்தில் மறுபடி பதிவு செய்தோம். ‘எனக்கு’ வர வேண்டிய இடங்களில் தொடக்கத்தில் பத்துக்கு இரண்டு, இப்போது எட்டு. ‘-இல’, ‘-க்குள்ள’ பத்துக்கு ஆறு. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களாக இருந்த தொடர் நான்கு ஐந்து சொற்களுக்கு வந்திருக்கிறது. நாள் முழுக்கப் பள்ளியில் இருக்கிறான், ஆகவே ஆங்கில முன்னேற்றத்தை எங்கள் கணக்கில் எழுத மாட்டேன். வினை விகுதி இன்னும் தடுமாறுகிறது, ‘அம்மா வந்தது’ இன்னும் வருகிறது. நீண்ட சொற்களைப் பிடித்து வைப்பதில் உள்ள சிரமம் எழுத்துக் கூட்டி வாசிப்பதில் தலைகாட்டக்கூடும் என்று ஆசிரியையிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

என் படக் கட்டின் பின்புறத்தில் இப்போது சொற்கள் இரண்டு பத்திகளாக இருக்கின்றன. இரண்டாவது பத்தி அம்மம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, மூன்றாவதுக்கும் இடம் விட்டிருக்கிறேன். கடைசி அமர்வில் கட்டை எடுத்து வைக்கும்போது பையன் சாவிப் படத்தை உருவி என்னிடம் நீட்டி, “இது உங்களுக்கு” என்றான். ‘உங்களுக்கு’ என்ற அந்த வடிவத்தை நாங்கள் இன்னும் பயிற்சியில் எடுக்கவே இல்லை. மறுமதிப்பீடு ஆறு மாதம் கழித்து. விகுதிதான் அடுத்த இலக்கு.